இயற்கை என்னும் சொல்லும் திருச்சபையின் வாயிலும்: தன்பாலீர்ப்புடைய விசுவாசிகளை ஏற்பது குறித்த கத்தோலிக்க இறையியல் விவாதம்

முன்னுரை

பினாங்குத் தீவின் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் தவிர்க்க இயலாத நிறுவனங்களுள் ஒன்று ஜெனரல் கல்லூரி எனப்படும் கத்தோலிக்கக் குருமடமாகும். பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையினர் 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கிய இக்குருமடம், போரினாலும் அரசியல் நெருக்கடியினாலும் இடம்பெயர்ந்து, 1770இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள வீராம்பட்டினத்தை அடைந்தது. அங்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடைபெற்றபின் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது. சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர் எனப் பலநாட்டு மாணவர் இலத்தீனையே பொதுமொழியாகக் கொண்டு இங்குப் பயின்றனர். வியட்நாமிய மொழியறிஞர் துருவோங் வின் கீ 1850களில் இங்குப் பயின்றவரே. பினாங்குக் குருமடத்தின் வழித்தடத்தில் ஒரு தமிழ் மீனவர் ஊரும் இருந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவிற்கொள்ளுதல் தகும்.

ஜார்ஜ்டவுனுக்கு 1870களில் வேறொரு நூலும் வந்து சேர்ந்தது. மெக்காலே முதலில் வரைந்து 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டு 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு இயற்கை ஒழுங்கிற்கு மாறான உடலுறவைக் குற்றமாக்கியது. அக்காலக் குருமடங்களில் பயன்பட்ட இலத்தீன் ஒழுக்க இறையியல் நூல்களிலும் இதே கருத்து ‘கோந்த்ரா நாத்தூரம்’ என்ற தொடரால், அதாவது இயற்கைக்கு எதிரானது என்ற பொருளில், வழங்கியது. பிரெஞ்சுக் குருக்களின் பாடநூலும் ஆங்கில ஆட்சியாளரின் சட்டநூலும் ஒரே சொல்லில் சந்தித்தன.

அந்த ‘இயற்கை’ யாது, அதனை வரையறுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவை எழுப்பியதே, தன்பாலீர்ப்புடைய விசுவாசிகளுக்கு ஆதரவாகப் பேசிய கத்தோலிக்க இறையியலாளர்களின் முதன்மையான பணி என்பது நம் கருத்து. அவ்வினா தமிழ்க் கத்தோலிக்கருக்கு அயலானதும் அன்று. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காட்ட முற்படுகிறோம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் விவாதம் என எண்ணுதல் தவறு. பங்கு ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று, பாடற்குழுவில் பாடி, மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குக் கற்பித்து, பின்னர்த் தம் இயல்பை உணர்ந்துகொள்ளும் ஒருவருக்கு நற்கருணை உண்டா இல்லையா, அவர் இறந்தால் அவருடைய துணைவர் பூதவுடலின் அருகே எங்கு நிற்பார் என்பன இவ்விவாதத்தின் நடைமுறை வடிவங்கள். மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் வழிவந்த பிரிவுகள் இன்றும் உள்ளன. 20 ஆண்டுவரை சிறையும் கசையடியும் விதிக்க அவை இடமளிக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தன் நாட்டுச் சட்டத்தின் அப்பிரிவைச் சுருக்கிப் பொருள்கொண்டு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவை அதிலிருந்து விலக்கியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை நீக்க 2022இல் வாக்களித்தது. ஒரே தாய்நூலின் மூன்று பிள்ளைகள் மூன்று வழியில் சென்றுள்ளன.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

தமிழில் ‘ஓரினச் சேர்க்கையாளர்’ என்ற சொல் நெடுநாளாக வழங்குகிறது. அது ஒருவரை ஒரு செயலால் மட்டுமே பெயரிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்ற பிற்காலச் சொல்லோ ஈர்ப்பை, அதாவது ஒருவரின் உள்ளியல்பை, முதன்மைப்படுத்துகிறது. கத்தோலிக்க விவாதத்தின் நடுநாடியே இவ்வேறுபாட்டில் உள்ளது. சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7ஆம் நாள் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து நடந்த வழக்கின் பயனாகத் தமிழ்நாட்டரசு 2022இல் இத்துறைக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம் ஆசிரியர்கள் அதனைக் கண்டிருப்பர். திருநங்கையர் பற்றிய சொற்களும் தன்பாலீர்ப்புப் பற்றிய சொற்களும் பொதுப்பேச்சில் கலந்துவிடுகின்றன. இரண்டும் வேறுவேறு, இங்கு நாம் பின்னதை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

விவிலிய மொழிபெயர்ப்பிலும் இச்சிக்கல் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 6ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் ‘மலக்கோய்’, ‘அர்செனோகொய்த்தாய்’ என்னும் இரு கிரேக்கச் சொற்கள் வருகின்றன. முதற்சொல்லுக்கு மென்மையானவர் என்பது நேர்ப்பொருள். சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய தமிழ் விவிலியம் அதனைச் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்றும், அடுத்ததை ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்றும் பெயர்த்தது. 1946இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்திய பதிப்பொன்று இரண்டையும் ஒன்றாக்கி, இன்றைய பொருளில் தன்பாலீர்ப்பினரைக் குறிக்கும் ஒரே சொல்லை இட்டது. ஏல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல் 1980இல் வெளியிட்ட நூலில், ‘மலக்கோய்’ என்ற சொல்லைக் கத்தோலிக்க மரபு நெடுங்காலம் தற்புணர்ச்சியோடு தொடர்புபடுத்தியே படித்தது என எடுத்துக்காட்டினார். அவர் கூறியதற்குச் சான்று நம் தமிழ் விவிலியத்திலேயே கிடக்கிறது என்பது வியப்பு. பாஸ்வெல்லின் முடிவுகள் அனைத்தையும் பிற வரலாற்றாசிரியர் ஏற்றனர் எனக் கூறவியலாது. பண்டைக்காலத் திருச்சபையின் சகிப்பை அவர் மிகைப்படுத்தினார் என்ற குறை வலுவானதே. எனினும், ஒரு வசனத்தின் பொருள் தலைமுறைதோறும் மாறிவந்துள்ளது என்ற அளவில் அவர் வாதம் நிற்கிறது.

இறையியலாளர்களின் வழக்கு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நிறைவெய்தியது. மனச்சான்று மனிதரின் மிக உள்ளார்ந்த கருவறை என்ற அதன் போதனையும், சமயச் சுதந்திரம் பற்றிய அதன் அறிக்கையும் ஒழுக்க இறையியலாளருக்குப் புதிய வெளியைத் திறந்தன. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1975 டிசம்பர் 29ஆம் நாள் பாலியல் அறம் குறித்து வெளியிட்ட அறிக்கை, தற்காலிகமான போக்கினையும் உள்ளார்ந்து நிலைத்த இயல்பினையும் வேறுபடுத்திக் காட்டியது. செயலை மட்டும் அது ஏற்கவில்லை. இயல்பு என ஒன்று உண்டென்று உரோமையே ஒப்புக்கொண்டபின், அவ்வியல்பைப் படைத்தவர் யார் என்ற வினாவும் பின்தொடர்ந்தது.

அவ்வினாவை வெளிப்படையாகக் கேட்டவர் இயேசு சபைக் குருவும் மெய்யியலாளருமான ஜான் மெக்நீல். அவருடைய நூல் 1976இல் சபைத் தலைமையின் இசைவோடு வெளிவந்தது. மறுஆண்டே அவர் இப்பொருள் பற்றிப் பொதுவில் பேசலாகாது என உரோமை தடைவிதித்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் அத்தடைக்கு உட்பட்டிருந்தார். 1986இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அன்றைய தலைவர் கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்துடன் ஆயர்களுக்கு அனுப்பிய மடல், ஈர்ப்பு பாவமன்று எனினும் அதுவே புறநிலையில் ஒழுங்கற்றது என்று கூறியது. 1975இன் அறிக்கை மிக இளக்கமாகப் பொருள்கொள்ளப்பட்டது என்பது அம்மடலின் குறை. மெக்நீல் அதன்பின் மௌனத்தைக் கைவிட்டார். 1987இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அதே 1986இல், பாலியல் அறம் பற்றிய கருத்துகளுக்காக சார்லஸ் கரன் என்னும் குரு வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

மெக்நீலின் வாதத்தை உணர்ச்சிவயப்பட்ட இரக்கம் எனச் சிலர் ஒதுக்கினர். அது நேர்மையான வாசிப்பன்று. இயற்கை அறநெறி என்ற கத்தோலிக்க மரபின் கருவியைக் கொண்டே அவர் பேசினார். உயிரினத்தின் பொது இயல்பிலிருந்து மட்டும் அறத்தை வருவிக்கலாகாது, பகுத்தறிவுடைய தனிமனிதரின் உறவும் பொறுப்பும் அன்பும் மனித இயல்பின் பகுதியே என்பது அவர் நிலைப்பாடு. இதற்கு மரபில் ஒரு பிடியும் உண்டு. இனத்தின் இயல்புக்கு மாறானது ஒருவருக்கு மட்டும் இயல்பாக அமைதல் கூடும் எனத் தாமஸ் அக்குவினாஸ் இன்பம் பற்றிய ஆய்வில் குறிப்பிடுகிறார். அக்குவினாஸின் நூல்களைப் பதிப்பிக்கும் லெயோனின் குழுவைச் சேர்ந்த தோமினிக்கன் துறவி ஆத்ரியானோ ஒலிவா 2015இல் வெளியிட்ட நூலில் இவ்விடத்தை விரிவாக எடுத்தாண்டார். அவ்வியல்பை அக்குவினாஸ் ஒரு சிதைவாகவே கருதினார் என எதிர்ப்பாளர் சுட்டுவதும் உண்மைதான். ஆயினும், இயல்பு என்ற சொல் ஒருபடித்தானது என்று இனி எவரும் எளிதில் கூற முடியாது.

ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு இதனை எழுதும்போது பினாங்கு வீதியின் செட்டியார் கிட்டங்கிகள் நினைவிற்கு வருகின்றன. பணம் பணத்தை ஈனுதல் இயற்கைக்கு மாறானது என்று அரிஸ்டாட்டில் கூற, இடைக்காலத் திருச்சபை அதனைத் தழுவி வட்டியைக் கடும்பாவமாக்கியது. தாந்தே தம் நரகக் காப்பியத்தில் வட்டி வாங்குவோரையும் தற்பால் உறவு கொண்டோரையும் ஒரே வட்டத்தில் எரிமணலில் நிறுத்தினார். இரு சாராரும் இயற்கைமீது வன்முறை செய்தோர் என்பது காரணம். வட்டி பற்றிய போதனை எவ்வாறு படிப்படியாக மாறியது என்பதை 1957இலும், அடிமை முறை, சமயச் சுதந்திரம் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்களை 2005இலும் சட்டவறிஞர் ஜான் நூனன் நூல்களாக எழுதினார். கடற்கரை வீதியின் வங்கி அதிகாரிகளுக்கு இன்று எக்குருவும் நற்கருணை மறுப்பதில்லை.

பெண்களின் பங்களிப்பு தனித்துக் கூறத்தக்கது. அருட்சகோதரி ஜீனின் கிராமிக், அருட்பணியாளர் ராபர்ட் நியூஜென்ட் ஆகியோர் 1977இல் அமெரிக்காவில் தன்பாலீர்ப்பினருக்கான மேய்ப்புப்பணி அமைப்பொன்றைத் தொடங்கினர். 1999இல் இருவரும் அப்பணியிலிருந்து நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டனர். நியூஜென்ட் தடைக்குக் கீழ்ப்படிந்தார். கிராமிக் வேறொரு துறவற சபையில் சேர்ந்து பணியைத் தொடர்ந்தார். அதே கிராமிக்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வத்திக்கானில் வரவேற்றார். ஏல் பல்கலைக்கழகத்தில் அறவியல் கற்பித்த அருட்சகோதரி மார்கரெட் ஃபார்லி 2006இல் வெளியிட்ட நூலில், எந்த உறவையும் அளக்க நீதியே அளவுகோல் என வாதிட்டார். தீங்கின்மை, சுதந்திரமான இசைவு, சமத்துவம், கடப்பாடு, கனிதருதல் முதலிய அவர்தம் வரையறைகள் ஆண்–பெண் உறவுக்கும் அதே அளவில் பொருந்துவன. இதனாலேயே அவரது நூல் பலரையும்விடக் கடுமையானது என்று நாம் கருதுகிறோம். மனைவியை அடிக்கும் கணவனின் திருமணம் அவ்வளவுகோலில் தேறாது. 2012இல் உரோமை அந்நூலைக் கண்டித்தது. ஆங்கில இறையியலாளர் ஜேம்ஸ் அலிசன் 2001இல் எழுதிய நூலோ சட்டவாதத்தை விடுத்து, பலியாளைத் தேடும் சமூகத்திலிருந்து நற்செய்தி எவ்வாறு விடுவிக்கிறது எனப் பேசியது.

எதிர்த்தரப்பைக் கேலிச்சித்திரமாக்குதல் ஆய்வுக்கு உதவாது. திருமணம் ஆண்–பெண் உடல்களின் வேறுபாட்டில் வேரூன்றிய அருட்சாதனம் என்ற இரண்டாம் ஜான் பாலின் உடல் பற்றிய இறையியல் தனக்கேயுரிய ஒத்திசைவு கொண்டது. 1980இல் நியூயார்க்கில் குரு ஜான் ஹார்வி தொடங்கிய அமைப்பு, கற்பொழுக்கத்தில் வாழ விரும்பும் தன்பாலீர்ப்பினருக்குத் தோழமை அளித்தது. அதில் ஆறுதல் கண்டோர் உண்டு. இருப்பினும், 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலின் கதை சிந்திக்கத்தக்கது. இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டைத் தவிர்க்க வேண்டும் என அது கூறியது. இந்நிலையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்றும் உடன் குறிப்பிட்டது. 1997இன் இலத்தீன் மூலப் பதிப்பில் அக்குறிப்பு நீங்கி, ஈர்ப்பு புறநிலையில் ஒழுங்கற்றது என்ற சொற்கள் புகுந்தன. ஐந்தே ஆண்டில் ஒரு தொடர் மாறுவதற்குள் எத்துணை விவாதம் அடங்கியிருக்கும் என்பதைப் பதிப்பியல் பயின்றோர் உணர்வர்.

வடக்கன்குளத்துச் சுவர்

யார் உள்ளே, யார் வெளியே என்ற வினாவைத் தமிழ்க் கத்தோலிக்கம் சாதியின் வழியே நெடுங்காலம் எதிர்கொண்டது. உரோமையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குள் சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என மறைப்பணியாளரை வற்புறுத்தியது. அவ்வாறு நுழைந்தால் மேற்சாதியார் தம்மை ஏற்கமாட்டார் என்பது இயேசு சபையாரின் அச்சம். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் சிக்கலுக்கு ஒரு முடிவு கண்டார்: தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்கள் ஒதுக்கப்பட்டனர். போதனை அனைவருக்கும் ஒன்று, நடைமுறை இரண்டு.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இந்த இரட்டை நடைமுறை கற்கட்டடமாகவே எழுந்தது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தைக் காணும்படி இரு கிளைகளாகக் கட்டப்பட்ட அவ்வாலயத்தைக் கால்சட்டைக் கோவில் என்றே மக்கள் அழைத்தனர். இடைச்சுவரைக் காசனெல் அடிகளார் 1910இல் இடித்தார். மேற்சாதித் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். தொன்றுதொட்ட வழக்கம், பிறப்பின் ஒழுங்கு என்பன அவர்தம் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் 2001இல் வெளியிட்ட ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இவ்வரலாறு ஆவணங்களோடு விளக்கப்பட்டுள்ளது. சுவர் விழுந்தபின் சாதி விழுந்துவிடவில்லை என்பதும் அந்நூலைப் படித்தோர் அறிந்ததே.

சாதியும் பாலீர்ப்பும் ஒன்றெனக் கூற நாம் வரவில்லை. சாதிப் பிரிவினைக்கு விவிலியத்தில் ஆதாரம் தேட முடியாது; தற்பால் உறவைக் கண்டிக்கும் வசனங்களோ உள்ளன, அவற்றின் பொருளே விவாதம். ஆனால் வாதத்தின் அமைப்பு ஒன்றே. பிறப்பின் ஒழுங்கு எனப்பட்டது ஒரு காலத்து வழக்கம் என்று வடக்கன்குளத்தில் அறியப்பட்டது. பாரிஸ் மறைபணிச் சபை 1776க்குப்பின் புதுச்சேரி மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்றது. அதே சபையினர்தாம் பினாங்கிலும் பேராக்கிலும் தமிழரிடையே பணிபுரிந்தனர். 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பை உருவாக்கிய ரெனே ஃபே அடிகளாரும் அச்சபையினரே. வரிசை, முதல் மரியாதை, கல்லறை இடம் பற்றிய தமிழகத்துப் பழக்கங்கள் கப்பலிலேயே தங்கிவிட்டன என்று நம்புவதற்கில்லை. அவ்வனுபவம் பெற்ற சமூகத்திற்கு இன்றைய இறையியலாளரின் வினா விளங்காமற் போகாது.

அண்மைக்காலப் போக்குகள்

மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், 2013 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மீண்டும் நிலைநிறுத்தியபோது, திருச்சபை இவர்களைக் குற்றவாளிகளாகக் கருதியதில்லை எனத் தெரிவித்தார். தற்பால் திருமணத்தை ஏற்காத அவரே சட்டத் தண்டனையை ஏற்கவில்லை. 2023 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், தன்பாலீர்ப்பு குற்றமன்று என்று செய்தி நிறுவனமொன்றிடம் கூறினார். பாவம், குற்றம் ஆகிய இரண்டையும் பிரித்தறிதல் 1872இன் சட்டத்தோடு வாழும் ஒரு நாட்டுக் கத்தோலிக்கருக்கு முதற்பாடமாகும்.

கூட்டொருங்கியக்க மாமன்றத்திற்கென 2022 அக்டோபரில் வெளிவந்த ஆவணம் இவர்களின் குரலைப் பெயர்சுட்டியே பதிவு செய்தது. 2023 அக்டோபர் அமர்வின் அறிக்கையில் அப்பெயர் இடம்பெறவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, தற்பால் இணையருக்கும் குருக்கள் ஆசி வழங்கலாம் என அறிவித்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை. வழிபாட்டுச் சடங்கின் வடிவம் கூடாது. தன்னியல்பாக, சுருக்கமாக அமையவேண்டும் என்பன அதன் எல்லைகள். 10 அல்லது 15 நொடிகளில் முடியும் ஆசி என்று 2024 சனவரியில் ஒரு விளக்கமும் வந்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் கண்டத்தில் இது பொருந்தாது என அதே மாதம் அறிவித்தனர். பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்தார். அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்த அவையில், 2023இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட பினாங்கு ஆயர் செபஸ்டியான் பிரான்சிசும் அமர்ந்திருந்தார். தேர்வுபெற்ற பதினான்காம் லியோ, போதனை விரைவில் மாறும் எனத் தாம் கருதவில்லை என்று அவ்வாண்டே கூறினார். யூபிலி ஆண்டின் பகுதியாக 2025 செப்டம்பரில் தன்பாலீர்ப்புடைய கத்தோலிக்கர் திருப்பயணமாக உரோமை சென்று புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைக் கடந்தனர்.

சடங்கல்லாத ஆசி என்ற கருத்து மேலை நாட்டு இறையியலாளரிடையே பெரும் குழப்பத்தை விளைவித்தது. பினாங்கின் தமிழருக்கு அது அத்துணைக் குழப்பம் தரவேண்டியதில்லை. ஆண்டுதோறும் சூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். திருப்பலி முடிந்து வெளியே வரும் குருவை வழிமறித்துத் தலைகுனிவோர், குழந்தையை நீட்டுவோர், புதிதாக வாங்கிய வண்டியின் சாவியைக் காட்டுவோர் எனப் பலர். குரு சிலுவை அடையாளம் வரைகிறார். முன்னே நிற்பவர் திருமுழுக்குப் பெற்றவரா, மணமானவரா, அவருடன் வந்தவர் அவருக்கு என்ன முறை என்று எவரும் கேட்பதில்லை.